எண்ணெய்க் குளியலும் ஒரு ரைட் அவுட்டும்

குற்றாலம் ஐந்தருவியில் நின்றுகொண்டு ரகசியம் பேச முடியாது. கத்தினாலே பாதிதான் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில், தலையில் தண்ணீர் தடதடவென்று விழுந்துகொண்டிருக்கும்போது, பஞ்சாலை ஸ்டோர் கீப்பர் பொன்னையா அண்ணாச்சி என் தோளைப் பிடித்துத் திருப்பி, தொண்டை கிழியக் கத்தினார்.

“வே கேப்டன்! அந்தப் பயல எங்களுக்குத் தந்துரும்வே!”

எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் காதருகே கையைக் குவித்து, “என்னது அண்ணாச்சி?” என்றேன்.

மறுபடியும் கத்தினார். மறுபடியும் கேட்காதவன் மாதிரி தலையை ஆட்டினேன். மூன்றாம் தரம் அவர் கத்தவில்லை. என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துவந்து ஒரு பாறைமேல் நிறுத்தினார்.

“இப்பக் கேக்குதா?”

“கேக்குது” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் கேட்ட பயல் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பெயர் இசக்கிமுத்து. எங்கள் தென்காசி ஹாக்கி கிளப்பின் ரைட் அவுட், அதாவது வலது ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடுகிறவன். வயது பதினாறு. ஐந்தாம் பாரம், அதாவது இந்தக் காலத்துப் பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தான். போன வாரம்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் என்பதால், அருவியில் நனையக்கூடாது, எண்ணெய் தேய்க்கக்கூடாது என்று அவன் அம்மா சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தாள். எங்கள் துணிமணிகளுக்குக் காவலாக உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தொட்டு மாங்காய்க் கீற்று தின்றுகொண்டிருந்தான்.

சுரண்டையிலிருந்து ஒரு கடிதம்

இந்தக் கதை இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், இந்தத் தொடரைப் படிக்கிற சுரண்டை வாசகர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவர் மகன் நன்றாக ஹாக்கி ஆடுகிறானாம். வேலை கொடுத்து ஆட வைக்கிற ஒரு பெரிய டீம் கூப்பிடுகிறதாம். “இப்போதே அனுப்பலாமா, இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கலாமா? அனுபவஸ்தர் நீங்கள் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, நீங்கள் கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டீர்கள். ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது தெரியும்.

அந்தக் காலத்திலும் இதே கதைதான். ஆட்டத்துக்குச் சம்பளம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். ஆலையில் வேலை, ரயில்வேயில் வேலை, போலீசில் வேலை என்று பெயர். காலையில் இரண்டு மணி நேரம் நூல் கட்டு எண்ணிவிட்டு, மீதி நேரமெல்லாம் மைதானத்தில் கிடக்க வேண்டும். பொன்னையா அண்ணாச்சியின் ஆலையை நடத்திய துரைக்கு ஹாக்கி என்றால் உயிர். ஸ்டோரில் நூலும் சாமானும் சரியாக இருக்கிறதோ இல்லையோ, டீமில் பதினோரு பேர் சரியாக இருக்க வேண்டும்.

“அண்ணாச்சி, அவன் சின்னப் பய. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்” என்றேன்.

“ஒம்ம டீமுல மாத்திரம் பெரிய பயலாக்கும்? உங்க ஃபுல்பேக்குக்கு மூணு பிள்ள இருக்கு. அவன்கூடத்தான ஆடுதான்?”

தலையைத் துவட்ட ஆரம்பித்தேன்.

போனவனும் போகாதவனும்

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் கிளப்பிலிருந்து பிச்சாண்டி என்று ஒருவன் பதினைந்து வயதில் மதுரைப் பக்கம் ஒரு டீமுக்குப் போனான். அங்கே எல்லாரும் மீசை முளைத்து நரைக்கத் தொடங்கியவர்கள். எட்டே மாதத்தில் முழங்கால் போய்த் திரும்பி வந்தான். கால் போனதும் வேலையும் போயிற்று. பள்ளிக்கூடத்தை ஏற்கனவே விட்டிருந்தான். அப்புறம் தகப்பனாரின் வெற்றிலைக் கொடிக்காலில் இறங்கியவன், ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவான்.

இன்னொருவன் கதையும் உண்டு. அவனுக்கு அப்போது பதினெட்டு. ரயில்வே டீமிலிருந்து ஒருத்தர் வந்து கேட்டார். அன்றைக்கு இருந்த கேப்டன், “பழுக்காத காயி சார், அடுத்த வருஷம் வந்து பாருங்க” என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. அவன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே கிளப்புக்குக் கேப்டனும் ஆகி, ஐந்தருவிப் பாறையில் தலை துவட்டிக்கொண்டு நின்றான்.

ஆமாம், நான்தான். எனக்குச் செய்ததை அப்படியே இசக்கிக்கும் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அந்தப் பாறையில் நின்றபோதே எனக்கு உறைத்தது. ஆனால் அடுத்த மாதம் திருநெல்வேலியில் கோப்பைப் பந்தயம் இருந்தது. இசக்கி இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். உறைத்ததைத் துண்டோடு சேர்த்துப் பிழிந்துவிட்டேன்.

மரியாதைக்கு எண்ணெய்

குற்றாலத்தில் சாரல் கட்டியதும் அந்த ஆலை டீம் வருஷாவருஷம் வரும். சனிக்கிழமை காலையில் குளியல், மத்தியானம் எங்கள் செலவில் சாப்பாடு, சாயங்காலம் தென்காசியில் மேட்ச். இதில் ஒரு சம்பிரதாயம். வந்த டீமுக்கு நாங்களே எங்கள் கையால் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். அவர்கள் சும்மா இருப்பார்களா? பதிலுக்கு எங்களுக்குத் தேய்த்துவிடுவார்கள்.

அந்த வருஷம் மரியாதை எல்லை மீறிப் போயிற்று. நாங்கள் ஒரு தூக்குவாளி நல்லெண்ணெய் கொண்டுபோனால், அவர்கள் இரண்டு தூக்குவாளியோடு வந்து இறங்கினார்கள். “ஒங்க உபசாரத்த விட எங்க உபசாரம் கொறஞ்சதாவே?” என்று பிடித்துப் படுக்கவைத்துத் தேய்த்தார்கள். அருவியே எண்ணெயைக் கழற்றிவிடும், சீயக்காய் வேண்டாம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. முதுகில் உள்ளது கழன்றுவிடும், வாஸ்தவம். அடுத்தவன் முதுகை அரை மணி நேரம் தேய்த்த உள்ளங்கையில் உள்ளது கழலுமா? அதை யாரும் யோசிக்கவில்லை.

இதற்கு நடுவில் அவர்களுடைய ரைட் அவுட் பாசிப் பாறையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். பத்துப் பேராகிவிட்டார்கள். பொன்னையா அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவனுக்கு வந்தது சுளுக்கா, இவருக்கு அடித்த அதிர்ஷ்டமா என்று இருந்தது.

“பயல இன்னைக்கு ஒரு நா எங்க பக்கம் ஆட விடும். நின்னு ஆடிட்டாம்னா திங்கக்கிழம எங்ககூட ரயிலேறட்டும். தாங்கலன்னா நீரே வச்சிக்கிடும். நான் இனி வாயத் தொறக்க மாட்டேன்.”

விருந்தாளி ஆள் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அதுவும் சம்பிரதாயம்தான். சரி என்றேன். ஆனால் இதில் ஒரு சங்கடம். நான் லெஃப்ட் ஹாஃப். எதிர் டீமின் ரைட் அவுட்டைப் பிடித்து நிறுத்துவதுதான் லெஃப்ட் ஹாஃபின் வேலை. என் பையனை நானே மறிக்க வேண்டும்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு எதிராவா ஆடணும்?” என்று இசக்கி கேட்டான். முகத்தில் பயமில்லை, குஷிதான் இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பறந்த மட்டைகள்

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுதினால் உங்களுக்குப் பசிக்கும். கத்தரிக்காய்க் குழம்பு, அவியல், மிளகுரசம், பருப்புப் பாயசம். அருவிக் குளியலுக்குப் பிறகு வருகிற பசி தெரியுமல்லவா? மூன்று தரம் சோறு வாங்காதவன் யாருமில்லை. மைதானத்தில் போய் இறங்கியபோது பாதிப்பேர் கண்ணில் தூக்கம் சொக்கிக்கொண்டிருந்தது. மேலே சாரல் வேறு பூப்போல விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஆட்டம் ‘புல்லி’யில் தொடங்கும். நடுவில் இரண்டு பேர் எதிரெதிராக நின்று, தரையில் ஒரு தட்டு, எதிராளி மட்டையில் ஒரு தட்டு என்று மூன்று முறை தட்டிவிட்டுப் பந்தை எடுக்க வேண்டும். மூன்றாவது தட்டில் இரண்டு பேர் கையிலும் மட்டை இல்லை. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போய் விழுந்தது. நடுவராக நின்ற போஸ்ட்மாஸ்டர் என்ன தப்புக்கு விசில் ஊதுவது என்று தெரியாமல் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.

அப்புறம் நடந்ததை ஹாக்கி என்று சொல்ல என் மனசு கேட்கவில்லை. கை சூடேற ஏற, உள்ளே போன எண்ணெய் எல்லாம் வெளியே வந்தது. ஓங்கி அடித்தால் பந்து அங்கேயே கிடக்கும், மட்டை போய்விடும். எங்கள் சென்டர் ஃபார்வர்டு அடித்த மட்டை வேடிக்கை பார்க்க வந்த முறுக்கு விற்கிற அம்மாளின் பெட்டியில் போய்ச் சொருகியது. அவள் அதைத் திருப்பித் தருவதற்குள் நாலு தலைமுறையை இழுத்து வைது தீர்த்தாள். எங்கள் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடியவர், முதல் கோல் விழுந்த சத்தத்தில்தான் விழித்தார்.

எண்ணெய் தொடாத கை மைதானத்தில் ஒன்றே ஒன்றுதான். பசிக்கு மட்டும் தின்றவனும் அவன் ஒருவன்தான். இசக்கி என்னை இடப்பக்கம் தாண்டினான், வலப்பக்கம் தாண்டினான், ஒரு தரம் நான் குனிந்து மட்டையைப் பொறுக்கும்போதே தாண்டினான். இடைவேளைக்குள் இரண்டு கோல். இரண்டும் அவன் அடித்தது.

“பாத்தீராவே?” என்று பொன்னையா அண்ணாச்சி துள்ளிக் குதித்தார்.

“அண்ணாச்சி, இத வச்சு முடிவு பண்ணாதீங்க. இது அவன் கெட்டிக்காரத்தனமில்ல, எண்ணெய்!” என்றேன். சத்தியமான வார்த்தை.

“ஒமக்கு வயித்தெரிச்சல்வே!” என்று சிரித்தார். அதுவும் சத்தியமான வார்த்தைதான். அதனால் என் சத்தியத்தை யாரும் நம்பவில்லை.

அந்த அடி

இடைவேளையில் நான் செம்மண்ணை அள்ளி இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். பிடி வந்துவிட்டது. மற்றவர்களும் என்னைப் பார்த்துத் தேய்த்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதியில்தான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது.

இப்போது நான் எழுதப்போவதை இதுவரை எந்த நண்பனிடமும் சொன்னதில்லை. எனக்கு இடப்பக்கம் ஓடுகிறவனைத் தடுக்க மட்டையைத் திருப்பிப் பிடித்துக் குறுக்கே நீட்ட வேண்டும். கொஞ்சம் தப்பினால் காலில் படும். அன்றைக்கு அப்படித் தப்பிப் பட்டது என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. இசக்கி பந்தோடு வந்தான். பந்து எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், அவன் கணுக்காலுக்கு மேலே எலும்பு எங்கே இருக்கிறது என்றும் பார்த்தேன். பந்தை விட்டுவிட்டு எலும்பை அடித்தேன். ஒரு அடி போதும், ‘தாங்கவில்லை’ என்று உட்கார்ந்துவிடுவான், நம்மோடேயே இருப்பான் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

சுருண்டு விழுந்தான். போஸ்ட்மாஸ்டர் விசில் ஊதினார். பிச்சாண்டியின் முழங்கால்தான் கண்ணுக்குள் வந்தது. கை நீட்டினேன்.

அவன் என் கையைப் பிடித்து எழுந்து, காலை இரண்டு தரம் உதறிவிட்டு, பல்லைக் கடித்தபடியே சிரித்தான்.

“என்ன அண்ணாச்சி, கை காஞ்சிட்டு போலருக்கு?”

அடுத்த தரம் பந்தோடு வந்தபோது அவனால் ஓட முடியவில்லை. நொண்டினான். சரி, அவ்வளவுதான் என்று நான் பாய்ந்தேன். என்னைப் பாய வைக்கத்தான் அவன் காத்திருந்தான். பந்தைச் சட்டென்று நிறுத்தி, நான் கிட்டே வருகிற வரைக்கும் வைத்திருந்து, என் கால்களுக்கு நடுவே உள்ளே தள்ளினான். அங்கே நின்ற அவர்களுடைய ஆள் லேசாகத் தட்டினான், கோல். கால் இருக்கும்போது காலால் ஆடினான். கால் போனதும் தலையால் ஆடினான். முதல் இரண்டு கோல் எண்ணெய் போட்டது. மூன்றாவது முழுக்க அவன் போட்டது. இதைப் பார்த்த பிறகும் பையன் பழுக்கவில்லை என்று சொல்ல எந்தக் கேப்டனுக்கும் வாய் வராது.

செண்பகத்தக்கா கேட்டாள்

ஆட்டம் முடிந்து, பொழுது அடையும் முன்னே இசக்கியின் வீட்டுக்குப் போனோம். அவன், நான், பொன்னையா அண்ணாச்சி. அவன் அம்மா செண்பகத்தக்கா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தகப்பனார் இல்லாத வீடு. மூன்று மாட்டையும் கொஞ்சம் வயலையும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக நின்று அவனை வளர்த்தவள்.

அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். வேலை, தங்க இடம், சாப்பாடு, அடுத்த வருஷம் பரீட்சை எழுத லீவு, எல்லாம் தன் பொறுப்பு என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, எனக்கு ஆட்டம் கீட்டம் ஒண்ணும் தெரியாது. இவன் நல்லாருக்கணும்னு நெனைக்கவன் நீ ஒருத்தன்தான். நீ போகட்டும்னா அனுப்புதேன். வேண்டாம்னா இங்கனயே கெடக்கட்டும்.”

இசக்கி என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ‘ஒரு வருஷம் போகட்டும் அக்கா’ என்று சொன்னால் போதும், திருநெல்வேலிக் கோப்பை கையில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து அவன் வேட்டியை விலக்கிப் பார்த்தாள்.

“ஏலே, இது என்ன?”

“பந்து பட்டுட்டும்மா.”

“பந்து பட்டா பந்தளவுக்குத்தாம்லே வீங்கும். இது கம்பு நீளத்துக்குல்லா வீங்கியிருக்கு. எவன் அடிச்சான்?”

“கூட்டத்துல யாருன்னு தெரியலம்மா” என்றான். கண்ணை மாட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

“நான்தான் அக்கா” என்றேன்.

பொன்னையா அண்ணாச்சி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

“தெரியாமப் பட்டுட்டா?” என்றாள் அக்கா.

“தெரிஞ்சுதான் அடிச்சேன். போயிருவானேன்னு அடிச்சேன். அவன் தயாராயிட்டான் அக்கா. நல்லா ஆடுதான், என்னைய விட நல்லா ஆடுதான். அனுப்பிருங்க.”

“இத அடிக்கதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம்லா?” என்றாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பொன்னையா அண்ணாச்சியிடம் கேட்டாள்.

“ஏன் அண்ணாச்சி, ஒங்க டீமுலயும் அடி விழுமா?”

“விழத்தான் செய்யும் தாயி. பொய் சொல்ல மாட்டேன்.”

“அடிக்கும் சேத்துத்தான சம்பளம்?”

“ஆமா தாயி.”

“அப்பக் கூட்டிட்டுப் போங்க. இங்கன சும்மா வாங்குத அடிய அங்கன போயி சம்பளத்தோட வாங்கட்டும்.”

சுரண்டை வாசகரே, எந்த வயதில் அனுப்புவது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பையன் போனால் யாருக்கு நஷ்டமோ அந்த ஆளிடம் மாத்திரம் யோசனை கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு இசக்கியின் தகரப் பெட்டியை நான்தான் தலையில் தூக்கிக்கொண்டு போனேன். அவன் நொண்டி நொண்டிப் பின்னால் வந்தான். ரத வீதி நெடுகிலும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். “குமாஸ்தா உத்தியோகம் பாக்குதவரு, பெட்டி சுமக்காரு பாரு. பயல்மேல எம்புட்டுப் பாசம்!” என்று ஒரு கடைக்காரர் வாய்விட்டே சொன்னார். நான் தலையில் பெட்டியோடு நேரே பார்த்து நடந்தேன். பின்னால் இசக்கி சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே வந்தான்.